கனவில் வந்த கோலம்: தினாலக் துணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் தெற்கே மிந்தனாவ் தீவில் செபு ஏரி என்று ஒரு மலையூர் இருக்கிறது. அங்கே வாழும் திபோலி மக்கள் நெய்யும் துணிக்குத் தினாலக் என்று பெயர். அதில் இருக்கும் கோலங்கள் நெய்கிற பெண்ணின் கனவில் வந்தவை என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் "அடடா" என்பார்கள். மீதிப் பேர் "விற்பதற்காகக் கட்டிவிட்ட கதை" என்பார்கள். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தினாலக் என்ன துணி? பருத்தியா, பட்டா?

இரண்டும் இல்லை, வாழைநார். அபாக்கா என்று ஒரு வாழை இனம். பார்ப்பதற்கு நம் தோட்டத்து வாழை மாதிரியே இருக்கும், ஆனால் பழம் தின்ன உதவாது. மட்டையில் இருக்கும் நார்தான் அதன் செல்வம். கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் மணிலாக் கயிறு என்று தேடித் தேடி வாங்கியது இந்த நாரைத்தான். உப்புத் தண்ணீரில் ஊறினாலும் லேசில் மக்காது. இன்றைக்கும் தேநீர்ப் பைகளில் அபாக்கா இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தாள் நோட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான்.

துணி விறைப்பாக, லேசான பளபளப்போடு இருக்கும். மூன்றே நிறம்: கறுப்பு, செம்பழுப்பு, அப்புறம் சாயம் ஏறாத நாரின் வெண்மஞ்சள். கறுப்புப் பரப்பில் மற்ற இரண்டும் மின்னும்.

கனவில் டிசைன் அப்படியே வருமா?

அபாக்கா வாழைக்கு ஃபூ டாலு என்று ஒரு காவல் தெய்வம் உண்டு என்பது திபோலி நம்பிக்கை. நார் அவளுடையது, கோலமும் அவளுடையது. அவள் நெய்கிறவரின் கனவில் வந்து கோலத்தைக் காட்டுவாள். விழித்ததும் நெய்கிறவர் அதை மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டம் போட்ட தாளோ, மாதிரிப் படமோ கிடையாது. வாசலில் நாற்பது புள்ளிக் கோலத்தைக் குறிப்பே இல்லாமல் போடும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருக்காது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் புதுசாக ஒரு கனவு வருவதில்லை. பாட்டி கண்ட கனவு அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். நெய்கிற பெண்ணிடம் இருக்கும் கோலங்களில் பெரும்பங்கு இப்படிப் பரம்பரையாக வந்த கனவுகள். "ராத்திரி கனவு, காலையில் தறி" என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் அந்தக் கனவு வெறும் கற்பனைதானே?

இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். கனவு என்றதும் நாம் கற்பனை, படைப்பாற்றல் என்று போய்விடுகிறோம். திபோலிப் பெண்ணுக்குக் கனவு என்பது உத்தரவு.

இந்தச் சொல்லை நான் காங்கேயத்திலிருந்து எடுக்கிறேன். அங்கே சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு, ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பார். கனவு கண்டவர் கோயிலில் வந்து சொல்ல, சாமி முன்னால் பூக்கேட்டு உறுதிசெய்த பிறகுதான் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். மண், தண்ணீர், நெல், துப்பாக்கி என்று என்னென்னவோ அதில் இருந்திருக்கின்றன. கனவு கண்டவரை யாரும் "என்ன கற்பனை!" என்று பாராட்டுவதில்லை. அவர் செய்தி கொண்டுவந்தவர், அவ்வளவுதான்.

தினாலக்கும் கிட்டத்தட்ட அந்த வகை. கோலத்தைத் தான் உருவாக்கியதாக நெய்கிறவர் சொல்லிக்கொள்வதில்லை. தனக்குக் காட்டப்பட்டது என்பார். கையால் உழைத்தது மட்டும் அவருடையது. அந்த உழைப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

கனவு ஒரு நொடி. துணி எத்தனை நாள்?

மூன்று நான்கு மாதம். அதில் தறியில் உட்கார்ந்து நெய்வது கடைசிப் பகுதி மட்டும்தான்.

முதலில் வாழையை வெட்டி, மட்டையைக் கத்திக்கு அடியில் கொடுத்து இழுத்து நார் எடுக்க வேண்டும். சதைப்பற்று போய் வெள்ளை நார் நிற்கும். அதைக் காயவைத்து, சீவி, மயிரிழைபோலப் பிரிப்பார்கள். இந்த நாரை நூற்பதே இல்லை. முறுக்கு ஏற்றாமல் இழையோடு இழையை முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டே போவார்கள். முடிச்சின் வால் தெரியாமல் நறுக்கிவிட வேண்டும். வாழைநாரில் பூத்தொடுத்துப் பழகிய கைகளுக்குத் தெரியும், ஈரம் போனால் நார் எப்படி முரண்டுபிடிக்கும் என்று. ஒரு துணிக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

அப்புறம் பாவு இழைகளை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகளை, ஒரு மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். இங்கேதான் கனவு இறங்குகிறது. எந்த இழையில் எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அந்த இடத்தை மட்டும் சின்னச் சின்னக் கட்டாக இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அளவு எல்லாம் விரல்தான். ஒரு கட்டு அரை விரல்கடை தள்ளிப்போனால், நெய்த பிறகு பூவின் இதழ் கோணிக்கொள்ளும். அப்போது திருத்த வழியில்லை. சாயம் ஏறுவதற்கு முன், வெறும் வெள்ளை நாரில், கண்ணுக்கே தெரியாத ஒரு படத்தை முடிச்சுகளாக எழுதுவதுதான் இந்த வேலை. கோலம் கனவில் தெளிவாகத் தெரிந்ததா இல்லையா என்பது இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும்.

முதலில் கறுப்பு. கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலையோடு நாரை நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். சிவப்பாக வேண்டிய இடங்களின் கட்டை அவிழ்த்துவிட்டு அடுத்த சாயத்தில் போடுவார்கள். அந்தச் சிவப்பு 'லோகோ' என்ற செடியின் வேரிலிருந்து வருகிறது. நம் ஊர் மஞ்சணத்தியின் இனம் அது. நுணா என்றும் சொல்வோமே, அதே. வெண்மஞ்சளாக நிற்க வேண்டிய கட்டுகளைக் கடைசியில்தான் அவிழ்ப்பார்கள்.

அதற்குப் பிறகு இடுப்புத் தறி. தறியின் ஒரு முனை வீட்டுத் தூணில், மறுமுனை நெய்கிறவரின் இடுப்பில். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். உச்சிவெயிலில் நார் உலர்ந்து அறுந்துபோகும் என்பதால் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் நெய்வது வழக்கம். நெய்து முடித்ததும் பெரிய சோழி ஒன்றால் துணியை அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். இஸ்திரியும் மெருகும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

நம்ம சுங்குடி மாதிரியா?

அண்ணன் தம்பி உறவு. மதுரைச் சுங்குடியில் நெய்து முடித்த துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறார்கள். தினாலக்கில் நெய்வதற்கு முன்பே இழையில் கட்டுகிறார்கள். உலகம் முழுவதும் இதற்கு இக்கத் என்று பெயர். கட்டுதல் என்ற பொருள் தரும் மலாய்ச் சொல் அது. தெலங்கானாவின் போச்சம்பள்ளிச் சேலை இந்த வகைதான். சாயம் ஏறிய இழைகள் நெய்யும்போது ஒரு மயிரளவு நகரும். அதனால் கோலத்தின் ஓரம் தண்ணீரில் பார்ப்பதுபோலக் கொஞ்சம் கலங்கித் தெரியும். கனவில் வந்தது என்று சொல்லும் துணிக்கு இந்தக் கலங்கல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

லாங் டுலாய் யார்?

தினாலக் பற்றிப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படும் பெயர். 1928-இல் பிறந்தவர். 12 வயதில் அம்மாவிடம் நெசவு கற்றார். ஏறக்குறைய நூறு கோலங்களை மனதிலேயே வைத்திருந்தார் என்பார்கள். பட்டாம்பூச்சி, மேகம், முதலை, பூ, நெற்றியில் விழும் முன்மயிர் என்று அவற்றுக்குப் பெயர்கள். 1998-இல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்கு 'மக்களின் படைப்பாளி' என்ற பட்டத்தைக் கொடுத்தது. அந்த நாட்டில் மரபுக் கலைஞர்களுக்கு இதுதான் மிக உயர்ந்த மரியாதை. பட்டத்தோடு மாத உதவித்தொகையும் உண்டு, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் கடமையும் உண்டு. அவரும் தன் ஊரில் இளம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2015-இல் காலமானார்.

2023-இல் இன்னொரு தினாலக் நெசவாளரான பார்பரா ஓஃபோங் அதே பட்டம் பெற்றார்.

கோலங்களுக்கு அர்த்தம் உண்டா? கனவுப் பலன் மாதிரி ஏதாவது?

முதலை வந்தால் இது நடக்கும், மேகம் வந்தால் அது நடக்கும் என்ற மாதிரிப் பட்டியல் கிடையாது. பெயர்கள் உண்டு, மரியாதை உண்டு. ஆனால் துணியைக் கதையாக 'வாசிக்க' முடியும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அடுத்த தீவான போர்னியோவின் துணிகளைப் பல வருடம் ஆராய்ந்த ட்ராவுட் கெவின் என்ற அறிஞர் இதையே விரிவாகச் சொல்லியிருக்கிறார். கோலத்தின் பெயர் பெரும்பாலும் அதற்குக் கொடுக்கப்பட்ட பட்டம் மாதிரி, அதைச் சித்திர எழுத்தாக எண்ணிப் பொருள் தேடக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது. மயில்கண் ஜரிகை என்று நாம் சொல்கிறோம். அதற்காகச் சேலைக்கரை மயிலின் கதையையா சொல்கிறது?

போர்னியோவிலும் கனவு நெசவு உண்டா?

உண்டு, அங்கே இன்னும் கடுமை. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருக்கும் நீளவீடுகளில் வாழும் இபான் மக்கள் 'புவா கும்பு' என்ற பெரிய சடங்குத் துணியை நெய்கிறார்கள். அது பருத்தி, பாவுக் கட்டு இக்கத். குமாங் போன்ற தேவமகளிர் கனவில் வந்து கோலம் கொடுப்பார்கள் அல்லது அனுமதி கொடுப்பார்கள்.

'அனுமதி' என்பதைக் கவனியுங்கள். இளம் பெண் எளிய கோலத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு படியாக ஏறித்தான் வலிமையான கோலங்களைத் தொடலாம். கனவில் உத்தரவு வராமல் பெரிய கோலத்தில் கைவைத்தால் நெய்கிறவர் வாடிப்போவார், நோயில் விழுவார், ஏன், செத்தும் போகலாம் என்று நம்பினார்கள். இன்னொருவரின் கோலத்தை எடுத்து நெய்ய வேண்டுமானால் அவருக்கு உரிய காணிக்கை கொடுத்துக் கேட்டுத்தான் எடுக்கலாம். காப்புரிமைச் சட்டம் இல்லாத இடத்தில் கனவு அந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் சாயம். பருத்தியில் மஞ்சணத்தி இனத்துச் சிவப்பு சும்மா ஒட்டாது. நூலை முதலில் எண்ணெய், உப்பு, இஞ்சி முதலியவை சேர்த்த கலவையில் ஊறவைத்து, பல நாள் வெயிலிலும் இரவுப் பனியிலும் விரித்துப் பதப்படுத்த வேண்டும். அளவு தப்பினால் ஒரு நீளவீட்டின் மொத்த நூலும் பாழ். இந்தச் சடங்குக்கு 'கயாவ் இந்து' என்று பெயர். 'இந்து' என்றால் அவர்கள் மொழியில் பெண், 'கயாவ்' என்றால் போர். ஆண்கள் எதிரிகளின் தலையை வெட்டிவரப் போன காலத்தில், பெண்களின் போர் இதுதான் என்று வைத்திருந்தார்கள். ஆண்கள் கொண்டுவந்த தலையைப் பெண்கள் புவா கும்புவில்தான் ஏந்தி வாங்கினார்கள். அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. சாயத்தின் அளவு தெரிந்த பெண்ணுக்கான மரியாதை ஒழியவில்லை.

ஃப்ராய்ட் சொன்ன ஆழ்மனம்தானே இதெல்லாம்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃப்ராய்டுக்குக் கனவு உள்ளேயிருந்து வருவது, நாம் அடக்கிவைத்த ஏதோ ஒன்று வேஷம் போட்டு மேலே வருகிறது. திபோலிக்கும் இபானுக்கும் கனவு வெளியேயிருந்து வருவது. அதற்கு அனுப்புநர் உண்டு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். லண்டனில் ஃப்ராய்ட் கடைசியாக வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். நோயாளிகள் படுத்துக்கொண்டு கனவுகளைச் சொன்ன அந்தச் சாய்வுக் கட்டில் அங்கே இருக்கிறது. அதன்மேல் விரித்திருப்பது ஈரானின் கஷ்காய் நாடோடிகளின் கம்பளம். ஆழ்மனம் என்ற கொள்கையே யாரோ பெயர் தெரியாத பெண்கள் போட்ட முடிச்சுகளின் மேல் படுத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

உள்ளேயிருந்து வரும் கனவைத் துணியாக்கியவர்களும் உண்டு. சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1911-இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் குடியேறி, 1950-களின் தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஃப்ராய்ட் வழி மனப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போனார், கனவுகளைத் தாள்களில் எழுதி வைத்தார். எண்பது வயதை நெருங்கிய பிறகுதான் பீரோவைத் திறந்து, தன் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டிச் சிற்பமாகத் தைக்க ஆரம்பித்தார். 2002-இல் தன் கல்யாணச் சீராக வந்த கைத்துண்டுகளைப் பக்கங்களாக்கி ஒரு துணிப் புத்தகம் செய்தார். 'மறதிக்கு ஒரு பாடல்' என்பது அதன் தலைப்பு.

பிரேசிலின் ஆர்துர் பிஸ்போ டோ ரொசாரியோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். 1938 டிசம்பரில் தேவதூதர்கள் தன்னிடம் வந்ததாகச் சொன்னார். மனநோயாளி என்று விடுதியில் அடைத்தார்கள். ரியோ டி ஜெனிரோவின் அந்த விடுதியில், நோயாளிகளின் நீலச் சீருடைகளைப் பிரித்து நூலெடுத்து, பல வருடம் ஒரு மேலங்கியில் எம்பிராய்டரி போட்டார். கடைசி நாளில் கடவுள் முன் அணிந்து நிற்பதற்காக. உட்புறத்தில் தான் கடவுளிடம் அறிமுகப்படுத்த வேண்டியவர்களின் பெயர்கள். 1989-இல் இறந்தபோது அதை அணிவிக்காமல் புதைத்தார்கள், அங்கி அருங்காட்சியகத்துக்குப் போனது. ஃபூ டாலுவை நம்பும் ஊரில் பிறந்திருந்தால் அவரை யாரும் அடைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நெய்யும்போது விரதம், தீட்டு உண்டா?

உண்டு. தறியில் இருக்கும் துணியைத் தாண்டக் கூடாது. நெய்யும் காலத்தில் கணவன் மனைவி சேரக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. முடிந்த துணியைக் கண்டபடி வெட்டினால் நோய் வரும் என்பார்கள். விற்க வேண்டி வந்தால் ஒரு பித்தளை வளையத்தைத் துணியோடு சேர்த்துக் கொடுப்பார்கள், ஃபூ டாலு கோபித்துக்கொள்ளாமல் இருக்க.

ஆனால் தினாலக்கில் கைப்பை, செருப்பெல்லாம் விற்கிறார்களே?

விற்கிறார்கள். வெட்டித்தான் தைக்கிறார்கள். இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். திபோலிக் குடும்பத்துக்குத் துணி எப்போதுமே செல்வமாகவும் இருந்திருக்கிறது. கல்யாணத்தில் சீராகக் கைமாறியது, குதிரைக்குப் பண்டமாற்றாகப் போனது. இன்றைக்குப் பள்ளிக் கட்டணமாக மாறுகிறது. நான்கு மாத உழைப்பை மடியில் வைத்துக்கொண்டு புனிதம் பேசு என்று நாம் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. கோலத்தை மட்டும் படமெடுத்து மலிவான பாலியெஸ்டரில் அச்சடித்து விற்பது. அதில் நார் இல்லை, முடிச்சு இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பிப் பாருங்கள். அசலில் இரண்டு பக்கமும் கோலம் ஒரே அழுத்தத்தில் தெரியும், அச்சில் பின்பக்கம் வெளிறியிருக்கும். விரலால் நெருடினால் அங்கங்கே நுண்ணிய முடிச்சு தட்டும். ஓரங்கள் கத்தரித்தது போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படலாம். வாங்கினால் மடித்து அடுக்காதீர்கள், மடித்த இடத்தில் நார் ஒடியும். சுருட்டி வையுங்கள்.

இங்கே வாழைநாரில் யாராவது நெய்கிறார்களா?

சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூரில் நெய்கிறார்கள். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி அனுப்பிக்கொண்டிருந்த நெசவாளர் ஊர் அது. அந்த ஏற்றுமதி படுத்த பிறகு வாழைநாரை எடுத்துப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து சேலை நெய்ய ஆரம்பித்தார்கள். கலப்பில்லாமல் பாவும் ஊடையும் (குறுக்கிழையும்) முழுக்க நாராக, முடிச்சுப் போட்டே நெய்வது தினாலக். வாழைக்கு அனகாபுத்தூரில் உத்தரவு தரும் தெய்வம் யாரும் இல்லை. நார் காய்ந்து அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் கவலை மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.